குடும்ப நலத்தில் ஆடவரின் பங்கு

(கோடியக்கரையில் ஊராட்சிப் பணியாளர்களும் உழவர்களும் மீனவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தாய் சேய் நலத்தைப் பற்றி ஒருவர் பேச வருகிறார் என்று ஊரில் அறிவித்தால் வழக்கமாக நடைபெறுவது யாது? தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் வந்து பாயில் அமர்வார்கள். ஆடவர்கள் பந்தலுக்கு வெளியே சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, 'இது பெண்கள் சமாசாரம்' என்று கூறித் தேநீர்க் கடைக்குச் சென்று விடுவார்கள். இன்றைய கூட்டத்திற்கு ஆடவர்களையே அழைக்க வேண்டும் என்று இங்குள்ளோர் முடிவு செய்தது மிகவும் பாராட்டுக்குரியது. பிள்ளைப் பேற்றை அளவோடு நிறுத்திக் கொள்வது முழுவதும் பெண்ணின் பொறுப்பு என்ற எண்ணம் இன்று நம்மிடையே வேரூன்றி விட்டது. அது தொன்றுதொட்டு வந்த எண்ணம் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறில்லை. நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் அப்பொறுப்பை ஆடவர்களே முன்வந்து ஏற்றிருந்தார்கள். அவ்வரலாற்றையே இன்று முக்கியமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அதற்கு முன்னர், உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம் வட்டத்து உழவர்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூர் அணை குறித்த காலத்தில் ஜூன் 12ஆம் நாளே திறக்கப்பட்டாலும், அந்நீர் கல்லணையைக் கடந்து, ஆறும் வாய்க்காலும் கிளை வாய்க்காலுமாகப் பிரிந்து நம் பக்கம் வந்து சேரும் என்ற உறுதி என்றும் இருந்ததில்லை. தலைமடையில் உள்ளவர் நம்மீது பகைகொண்டு நீரைத் தடுக்கிறார் என்று கூற முடியாது. அவர் தம் வயல் நிறைவதைப் பார்க்கிறார். அடுத்தவரும் அவ்வாறே பார்க்கிறார். எஞ்சியது நமக்கு வருகிறது, அல்லது வராமற் போகிறது. நம் வீட்டுச் சோற்றுப் பானையிலும் இதுவே நடைபெறுகிறது. முதலில் வீட்டுத் தலைவர், பிறகு ஆண்பிள்ளைகள், பிறகு பெண்பிள்ளைகள், எல்லோரும் உண்டு எழுந்த பின்னர் மனைவி. மீனின் நடுத்துண்டு முதல் இலைக்குச் செல்கிறது; குழம்பின் அடி கடைசி இலைக்கு வருகிறது. எவரும் வேண்டுமென்று இவ்வாறு செய்வதில்லை. ஆயினும், 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்த சோகை உடையவர்கள். இதற்கு உணவு ஒன்றே காரணமன்று; மாதவிலக்கில் இழக்கும் குருதியும், அடுத்தடுத்துப் பிள்ளை பெறுதலும், குடற்புழுவும் காரணங்களே. ஆனால் இழந்ததை மீட்டுக் கொடுக்க வேண்டியது உணவன்றோ? பிள்ளைப்பேற்றின்போது குருதிப் போக்கு மிகுமானால் அதைத் தாங்கும் வலிமை இத்தகைய உடலுக்கு இராது. கடைமடையில் இருப்பது எத்தகையது என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. ஆதலின் இதற்குமேல் நான் விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக 1952இலேயே மேற்கொண்ட நாடு நம் நாடு. உலகில் வேறெந்த நாடும் அதற்கு முன் இவ்வாறு செய்ததில்லை. அத்திட்டத்தை வேகமாக நடத்திக் காட்டியது அந்நாளைய சென்னை மாநிலம். 1951ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பை இந்தியா முழுமைக்கும் பொறுப்பேற்று நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி அவர்கள், பின்னர் சென்னை அரசின் தலைமைச் செயலாளராக இருந்தபோது, போதிய பிள்ளைகளைப் பெற்றுவிட்ட தந்தையர் ஓர் எளிய அறுவையால் மேலும் பெறுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்பதை வற்புறுத்தினார். வாசக்டமி எனப்படும் ஆண் கருத்தடை அறுவையே அது. 1950களின் பிற்பகுதியிலிருந்து, அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு, வேலைக்குப் போக முடியாத நாள்களை ஈடுசெய்வதற்காக, 30 ரூபாய் அளவில் ஒரு தொகையை அரசு வழங்கியது. 1960களில் நம் மாநிலத்தில் கருத்தடை அறுவை செய்துகொண்டோரில் பெரும்பாலோர் ஆடவர்களே. இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் சிலருடைய பாட்டனார்கூட அவர்களுள் ஒருவராக இருந்திருக்கலாம். அவர் அதைப் பற்றி வீட்டில் பேசியிருக்க மாட்டார், அவ்வளவே. 1968இல் 'நிரோத்' என்ற பெயருடன் ஆணுறையும் மலிவான விலைக்குப் பெட்டிக்கடைகளில் கிடைக்கத் தொடங்கியது. அண்டையிலுள்ள கேரளத்தில், எர்ணாகுளம் நகரில் 1971 ஜூலையில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடவர்கள் அறுவை செய்துகொண்டார்கள். பொருள் கொடுத்து ஏழையை அறுவைக்கு அழைப்பது முறையா என்ற வினா அன்றே எழுந்தது. அவ்வினா நேர்மையானது என்றே நான் கருதுகிறேன். எனினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. 'இது ஆண்பிள்ளை செய்துகொள்ளும் காரியமா?' என்ற பேச்சு அன்று அவர்களைத் தடுக்கவில்லை.

அந்த நிலை எவ்வாறு மாறிற்று? 1975 ஜூன் மாதத்தில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்து 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் இந்தியா முழுவதிலும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆடவர்களுக்குச் செய்யப்பட்டவை. வட மாநிலங்கள் பலவற்றில் விருப்பமற்றவர்களைப் பிடித்துச் சென்று அறுவை செய்தார்கள். சம்பளமும் சலுகையும் நிறுத்தப்படும் என்று அச்சுறுத்தினார்கள். இத்தனை பேர் என்று மேலிடம் இலக்கு நிர்ணயிக்க, அவ்விலக்கை எட்டக் கீழுள்ளவர்கள் முறை தவறினார்கள். மக்கள் வெகுண்டெழுந்தனர், 1977இல் ஆட்சியே மாறிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் 'குடும்ப நலத் துறை' என்று பெயரும் மாறிற்று. அதன்பின் எந்த அரசியல்வாதியும், எந்த அதிகாரியும் ஆடவரை நோக்கி இப்பேச்சை எடுக்கத் துணியவில்லை. அதற்காகத் திட்டம் நின்றுவிடவில்லை; அது பெண்களின் பக்கம் திரும்பியது. வலுவுள்ளவன் எதிர்த்ததால், எதிர்க்க வலுவற்றவளின் தலையில் சுமை ஏற்றப்பட்டது என்றே இதைச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் என்று இலக்கு வைக்கும் முறை 1996இல் கைவிடப்பட்டது. சுமை மட்டும் இடம் மாறவில்லை.

அதன் விளைவை எண்களால் அறியலாம். நான் முன்னர்க் குறிப்பிட்ட அதே கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகக் கூறியோர் 1,000க்கு ஒருவரே. ஒரு குடும்பத்தில் இருவருள் ஒருவர் அறுவை செய்துகொண்டால் போதும் என்னும்போது, அந்த ஒருவர் ஏறக்குறைய எப்பொழுதும் மனைவியாகவே இருக்கக் காரணம் என்ன?

உடற்கூற்றைப் பார்த்தால் காரணம் ஏதும் தென்படவில்லை. பெண்ணுக்குச் செய்யும் அறுவையில் வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ உள்ளே சென்று கருக்குழாய்களைக் கட்ட வேண்டும். ஆணுக்குச் செய்வதில் வயிற்றுக்குள் செல்ல வேண்டிய தேவையே இல்லை. தோலின் அடியிலேயே குழாய் இருக்கிறது. சீனாவில் லி ஷுன்ச்சியாங் என்னும் மருத்துவர் 1974இல் கண்டறிந்த முறை 1990களில் இந்தியாவுக்கு வந்தது. நம் மருத்துவமனைகளில் அதற்கு 'நவீன வாசக்டமி' என்று பெயர். கத்தி வைத்துக் கீறுவதில்லை; தையல் போடுவதில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு சிறு துளை வழியாகக் குழாயை வெளியே எடுத்துத் துண்டித்துக் கட்டிவிடுகிறார்கள். கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம்.

பெண்களுக்கான அறுவையை அவசர அவசரமாக நடத்தியதால் நேர்ந்த கொடுமையையும் குறிப்பிட்டாக வேண்டும். சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில் ஒரு முகாமில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அப்பகுதி முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தனர். அனைவரும் இளந் தாய்மார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம் முறையை மூன்றாண்டுக்குள் ஒழிக்குமாறு ஆணையிட்டது. நம் மாநிலத்தில் மருத்துவமனையிலேயே மகப்பேற்றுக்குப் பின் முறையாகச் செய்கிறார்கள் என்பது உண்மை. மகப்பேறுகளில் 100க்கு 99க்கு மேல் இங்கு மருத்துவமனைகளில்தாம் நிகழ்கின்றன. 'பிள்ளையையே வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள், அப்பொழுதே இதையும் முடித்துக் கொண்டோம்' என்று சிலர் கூறுவர். அதில் பொருள் இருக்கிறது. அத்தகைய தாய்க்கு அதுவே ஏற்றதாகவும் இருக்கலாம். ஆனால் இயல்பான பேறு கண்ட தாய், உடம்பு தேறுமுன் மீண்டும் அறுவைக்குப் படுக்க வேண்டிய கட்டாயம் என்ன? அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் நிற்கும் கணவர் தாமே உள்ளே சென்றால் என்ன?

இவ்விடத்தில் பல ஐயங்கள் எழும். வெளிப்படையாகக் கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்பதால் நானே எடுத்துக் கூறுகிறேன். ஆண்மை குன்றுமா என்பதே முதல் அச்சம். குன்றாது. ஆண்மைக்குரிய சுரப்பு நீர் குருதியில் கலந்து உடலெங்கும் செல்கிறது. துண்டிக்கப்படும் குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. மீசையும் குரலும் விருப்பமும் இருந்தபடியே இருக்கும். ஏர் பிடிப்பதற்கும் வலை இழுப்பதற்கும் உப்பு வாருவதற்கும் வலிமை குறையாது. இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஒரு வாரத்திற்குப் பளு தூக்குதலும் மிதிவண்டி ஓட்டுதலும் கூடா. அந்நாள்களில் இறுக்கமான உள்ளாடை அணிய வேண்டும் என்று மருத்துவர் கூறுவார். நம் பாட்டனார் கட்டிய கோவணமே இதற்குப் போதும். நாகரிகம் அதைக் கைவிட்டது ஒரு வகையில் நட்டந்தான்!

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அறுவை முடிந்தவுடனேயே பயன் கிடைப்பதில்லை. குழாயில் முன்பே தங்கியுள்ள உயிரணுக்கள் நீங்க மூன்று திங்கள் ஆகும். அதுவரையில் ஆணுறையோ வேறு முறையோ கையாள வேண்டும்; அதன்பின் விந்துச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் நடந்த வீடுகளில் மனைவி கருவுற்றால், அவளைச் சந்தேகித்துப் பெருங்கலகமே எழுந்துவிடுகிறது. குற்றம் அவளுடையது அன்று. சோதனைக்குச் செல்லாத கணவருடையது. வாசக்டமியை மீட்டுச் சரிசெய்வது எளிதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இனிப் பிள்ளை வேண்டுவதில்லை என்று கணவனும் மனைவியும் கலந்து உறுதி செய்த பின்னரே அதனை நாட வேண்டும். நோய்த் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை; ஆணுறைக்கே உண்டு.

'மக்கள்தொகைதான் குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பிரசாரம்?' என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8 என்று கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே, குறைவாகப் பெறுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. இரண்டோ மூன்றோ, அதை நீங்களும் உங்கள் மனைவியும் முடிவு செய்யுங்கள். நிறுத்துவது என்று முடிவான பிறகு யாருடைய உடல் நோக வேண்டும் என்பதே என் கேள்வி.

இனிக் காலத்தைப் பற்றி ஒரு சொல். ஆண் கருத்தடைக்கென ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இரு வாரங்கள் நாடெங்கும் ஒதுக்கப்படுகின்றன. நமது மாவட்டத்திற்கு அது எத்தகைய காலம் என்று எண்ணிப் பாருங்கள். அது கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. வடிகால் பார்க்க வேண்டும். கோடியக்கரையிலோ ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மீன்பிடி பருவம். பிற ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து கரையில் குடிசை போட்டுத் தங்கும் நாள்கள். அந்நேரத்தில் எந்த ஆடவர் ஒரு வாரம் ஓய்ந்திருப்பார்? இது குறித்து யாரையும் குறை சொல்வதற்கில்லை. நாடு முழுமைக்கும் ஒரே நாள் குறிப்பவர்கள் ஒவ்வொரு ஊரின் பருவத்தையும் பார்க்க இயலாது. ஊராட்சி பார்க்கலாம். உழவர்களுக்குச் சம்பா அறுவடை முடிந்து, உளுந்து வயலில் கிடக்கும் மாசியும் பங்குனியும் ஏற்றவை. கடலோரத்தவர்க்கோ, விசைப்படகுகளுக்குத் தடையுள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள் பொருந்தும். இந்நாள்களில் அறுவை மருத்துவர் வருமாறு அரசு மருத்துவமனையைக் கேட்டுப் பெறுவது ஊராட்சியால் ஆகக்கூடிய காரியமே.

அதே மீன்பிடி பருவத்தைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். வெளியூரிலிருந்து இங்கு வந்து தங்கும் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் இருப்பர். அவர்களுடைய பதிவு சொந்த ஊர்ச் செவிலியரிடம் இருக்கும். இங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்கு அவர்கள் வந்ததே தெரியாது. வலையையும் படகையும் மறவாமல் எடுத்துவரும் கணவர், மனைவியின் தாய் சேய் நல அட்டையையும் எடுத்துவந்து, முதல் வாரத்திலேயே செவிலியரிடம் காட்ட வேண்டும். தாம் கடலில் இருக்கும் இரவில் வலி கண்டால் யார் உடன் செல்வது, யாரிடம் பணம் இருக்கிறது, 108 வண்டியை யார் அழைப்பது என்பதை முன்னரே பேசி வைக்க வேண்டும். வேதாரண்யத்திற்கே சுமார் 10 கிலோமீட்டர் போக வேண்டிய ஊர் இது. 'அவர் வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம்' என்று காத்திருந்து போன உயிர்கள் உண்டு.

குழந்தைப் பேறு இல்லையென்றாலும், பிறந்தவை பெண்ணாகவே இருந்தாலும் பெண்ணைப் பழிக்கும் வழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. விதை நெல் எதுவோ அதுவே விளையும். வயலைக் குறை கூறும் உழவர் உண்டோ? பிள்ளையில்லாத வீட்டில் குறை பாதியளவுக்கு ஆடவரிடமும் இருக்கக்கூடும். ஆணுக்கான சோதனை எளியது, செலவு குறைந்தது. ஆகவே அதுவே முதலில் செய்யத் தக்கது. மனைவியைக் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் அலைய விட்டு, தாம் ஒருமுறைகூடச் சோதனைக்குச் செல்லாதவர்கள் படித்தவர்களிலும் உளர்.

கை நீட்டும் வழக்கம் பற்றியும் மௌனமாக இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரால் துன்புறுத்தப்பட்டதாக அதே கணக்கெடுப்பில் கூறியிருக்கிறார்கள். 2005இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். ஆனால் சட்டம் வருமுன் அண்டை வீட்டார் வரலாம். அயலார் வயலில் மாடு மேய்ந்தால் ஓடிச் சென்று விரட்டுகிற நாம், அயல் வீட்டில் அடி விழும் ஓசை கேட்டால், 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

சிறுவர்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். இக்கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் வருகின்றன. அப்பறவையில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுக்குத் தொண்டையில் ஊறும் பாலை இரண்டுமே ஊட்டும். பறவையைக் காட்டி மனிதனுக்கு நீதி சொல்வது பழைய வழக்கம். நான் அதில் அதிகம் நம்பிக்கை வைப்பதில்லை, ஏனெனில் வேறு பறவைகள் வேறு விதமாகவும் வாழ்கின்றன. பறவைக்கு இயல்பாக வருவது நம் மகனுக்குப் பழக்கினால்தான் வரும். ஆறு வயதுப் பெண்ணுக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரிகிறது. பதினாறு வயதுப் பையனுக்குத் தான் உண்ட தட்டைக் கழுவத் தெரியவில்லை. அக்காள் மாதவிலக்கில் வயிற்று வலியால் படுத்திருக்கும்போது, அது என்னவென்று தம்பிக்கு எவரும் சொல்வதில்லை. அவன் தெருவில் கேட்ட கேலிப் பேச்சை வைத்துத் தானே ஒரு பொருள் கற்பித்துக்கொள்கிறான். வளரும் பருவத்தில் தன் உடம்பில் நிகழும் மாறுதலைப் பற்றியும் தந்தை அவனிடம் பேசுவதில்லை. இன்று கைபேசி பேசுகிறது. கைபேசி என்னென்ன பேசும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மகனைப் படகில் ஏற்றிக் காற்றின் போக்கைக் கற்பிக்கும் தந்தை, இதையும் இரண்டு சொல்லில் கற்பிக்கலாம். கூச்சமாக இருந்தால் பள்ளி ஆசிரியரையோ சுகாதார ஆய்வாளரையோ ஊராட்சி அழைத்து வரலாம்.

மகனுக்கு 21 வயதும் மகளுக்கு 18 வயதும் நிரம்புமுன் மணம் செய்தல் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊர்ப் பெரியவர்கள் அறியாமல் எந்தக் கல்யாணமும் நடப்பதில்லை என்பதால், தடுக்க வேண்டியவர்களும் அவர்களே.

பெண்ணுக்காக ஆடவர் உழைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்து, அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய அறப்போரை அறியாதவர் இங்கே இல்லை. அந்த அறப்போரில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் சிறை சென்றார். அதற்குத் தோள்கொடுத்து நின்ற வேதாரண்யம் சர்தார் வேதரத்தினம் அவர்கள், விடுதலைக்கு முந்திய ஆண்டாகிய 1946இல், பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தை நிறுவினார். பெண்ணைப் படிக்க வைத்தால் கெட்டுப்போவாள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அங்குப் பயின்று வெளிவந்த பெண்கள் எத்தனை ஊர்களில் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் இருக்கிறார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே தெரியும்.

சொத்துரிமையைப் பற்றியும் ஒன்று. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் சட்டமாக வர 1989ஆம் ஆண்டு ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. சட்டம் வந்தும் என்ன நடக்கிறது? 'சீர் செய்தாயிற்று' என்று கூறி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுகிறோம். அவளும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்று அஞ்சிக் கையொப்பம் இடுகிறாள். இதைக் கேட்டுச் சிலர் தலை குனிவதைப் பார்க்கிறேன், பெயர் சொல்லவில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பது நம் மாநிலத்தில் 2016இல் சட்டமாயிற்று. ஆயினும் பல ஊர்களில் தலைவர் பெயர் பலகையில் இருக்கிறது. தலைவரின் கணவர் நாற்காலியில் இருக்கிறார். கணவன்மார்கள் கூட்ட நாளன்று வீட்டில் இருந்து உலை வைத்து உதவினால், அதுவே ஊராட்சிக்கு அவர்கள் செய்யும் பெருந்தொண்டாகும்.

முடிவாக, செய்யத் தக்கவற்றைச் சொல்லி அமர்கிறேன். ஜனவரி 26இல் கூடும் கிராம சபையில், மாசி பங்குனியிலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் நவீன வாசக்டமிக்கு நாள் குறித்துத் தருமாறு அரசு மருத்துவமனையைக் கேட்கும் தீர்மானம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் சுகாதார ஆய்வாளரிடமோ செவிலியரிடமோ தனியே கொடுக்கட்டும். அப்பெயர்களைச் சபையில் படிக்கலாகாது, பலகையில் எழுதலாகாது. இத்தனை பேர் என்று ஊராட்சி எண்ணிக்கை குறிக்க வேண்டாம். நியாயவிலைக் கடைப் பொருளையோ நூறு நாள் வேலையையோ எவரும் இதனோடு முடிச்சுப் போட இடம் தராதீர்கள். 1976இன் கதை அங்கிருந்துதான் தொடங்கிற்று. அறுவை செய்துகொள்ளும் ஆடவருக்கு அரசு ஈட்டுத்தொகை தருகிறது. பெண்ணுக்குத் தருவதைவிட அது அதிகம். அத்தொகை முழுவதும் அவர் கையில் சேர்கிறதா என்பதைப் பார்ப்பதும், மூன்றாம் திங்களில் சோதனைக்குச் செல்ல நினைவூட்டுவதும் கிராம சுகாதாரக் குழுவின் பொறுப்பாக இருக்கட்டும். ஐயம் உடையவர்கள் கூட்டம் கலைந்த பின் என்னிடம் தனியே வந்து கேட்கலாம். மாலைப் பேருந்து புறப்படும் வரையில் இங்கேயே இருப்பேன்.